தாள் உங்களுடையது, சொல் என்னுடையது

எங்கள் மேற்குத் தாம்பரம் தெருவில் ஒரு நண்பர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை நடையில் எனக்குத் துணை. பேரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் அதை விரும்ப மாட்டார்கள்.

கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது அவர் எங்கள் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் தினம் விடியற்காலை ஒரு பதிவு போட ஆரம்பித்தார். எல்லாம் பழைய தாம்பரம் பற்றித்தான். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது, கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் பட்டணத்தை விட்டு இங்கே குடியேறியது, தான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மீட்டர் கேஜ் வண்டிகள், 2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறிய இரவு. ஒன்றுகூட ஃபார்வர்டு கிடையாது. தன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. "சார், அந்த லெவல் கிராசிங் பக்கத்திலே ஒரு டீக்கடை இருந்ததே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் தொடர்வார், மத்தியானம் வரை ஓடும். இப்படி இருநூறு பதிவுக்கு மேல்.

அவர் போய் ஒரு வருஷம் ஆனபோது, சங்கத்தில் அந்தப் பதிவுகளைச் சிறு புத்தகமாகப் போடலாம் என்று முடிவானது. நல்ல எண்ணம்தான். இரண்டு நாள் கழித்து அமெரிக்காவிலிருந்து அவர் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா எழுதினதை அச்சடிக்கப் போறாங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே?"

செயலாளரிடம் சொன்னேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "குரூப்ல போட்டதுதானே சார்? குரூப்ல போட்டா அது எல்லாருக்கும் பொதுதானே?"

இருவருமே அவர் மேல் பிரியம் உள்ளவர்கள். யாரைத் தப்பு சொல்வது? ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பலர் கூடிப் பேசும் இடத்தில் ஒருவர் எழுதிய சொல் யாருக்குச் சொந்தம்? கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்தக் கேள்விக்கு வயது இருநூற்று எண்பதுக்கு மேல் என்று தெரிந்தது.

கடிதம் யாருடையது?

நம் காலத்தில் குரூப் என்பது இன்லாண்டு லெட்டர். மூன்று மடிப்பில் ஊர் முழுக்க விசாரித்து எழுதி, ஓரத்திலும் நுணுக்கி எழுதி ஒட்டுவோம். அது போய்ச் சேர்ந்த பிறகு யாருடையது? வாங்கியவருடையது என்றுதான் எல்லோரும் சொல்வோம். நம் வீட்டுப் பரண் மேல் கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களை வேறு யார் வந்து கேட்க முடியும்?

1741-ல் லண்டனில் இது வழக்காக வந்தது. அலெக்சாண்டர் போப் அன்றைய பெரிய கவிஞர். அவரும் ஜொனாதன் ஸ்விஃப்டும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி புத்தகமாகப் போட்டுவிட்டார். போப் கோர்ட்டுக்குப் போனார். கர்ல் தரப்பு சொன்னது நம் செயலாளர் சொன்னது மாதிரிதான்: கடிதம் என்பது அனுப்பியவர் கொடுத்த அன்பளிப்பு, கொடுத்த பிறகு அதில் அவருக்கு என்ன பாத்தியதை?

தீர்ப்பு சொன்னவர் ஹார்ட்விக் பிரபு. அவர் கடிதத்தை இரண்டாகப் பிரித்தார். தாள், கடிதத்தைப் பெற்றவருக்குச் சொந்தம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் உள்ள சொற்களை அச்சிட்டு விற்கும் உரிமை தாளோடு சேர்ந்து போய்விடுவதில்லை. அது எழுதியவரிடமே தங்குகிறது.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டும்தான் தடை கிடைத்தது. போப்புக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை. அவை அவர் சொற்கள் அல்லவே! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குரூப் கதைக்கு இதுதான் சாவி.

இதற்கு நம் நாட்டு உதாரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்திஜிக்கு நெருங்கிய தோழராக இருந்தவர் ஹெர்மன் காலன்பாக். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்களும் பிற ஆவணங்களும் காலன்பாக் குடும்பத்தாரிடம் இருந்தன. 2012-ல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஏலத்துக்கு முன்பே நம் அரசாங்கம் ஏறத்தாழ 7 லட்சம் பவுன் கொடுத்து மொத்தமாக வாங்கியது. விலை போனது தாள். தாள் அந்தக் குடும்பத்தின் சொத்து, அதனால் விற்க முடிந்தது.

காந்திஜியின் எழுத்துத் தொகுப்பு நூறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அதில் கடிதங்கள் ஏராளம். எங்கிருந்து கிடைத்தன? வாங்கியவர்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால் கிடைத்தன. சொல்லின் உரிமை ஓரிடத்தில். அதைக் காப்பாற்றிய கை வேறிடத்தில்.

பெசன்ட் நகரில் ஒரு கடிதப் பெட்டி

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்தில் பெசன்ட் நகரிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1942-ல் காலமானார். மறு வருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பேரில் நூல் நிலையம் ஏற்பட்டது. அங்கே ஏட்டுச் சுவடிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஐயருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களும் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

சி.வை. தாமோதரம் பிள்ளை எழுதியது, ஜி.யு. போப் எழுதியது, பாரிஸிலிருந்து வின்சோன் எழுதியது, ஊர் பேர் தெரியாத தமிழ் வாசகர்கள் எழுதியது. சுவடி எங்கே கிடைக்கும், இந்தப் பாடலுக்குப் பாடம் எது, இதற்கு என்ன பொருள் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே மனிதரை நடுவில் வைத்துப் பேசிக்கொண்ட பேச்சு அது. இன்றைக்கு என்றால் ஐயர் அட்மினாக ஒரு குரூப் நடந்திருக்கும். 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து முதல் தொகுதியாக வெளிவந்தது.

அந்தச் சொற்கள் எழுதியவர்களுடையவை. எழுதியவர்கள் வீட்டில் அநேகமாக ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சியிருக்காது. அனுப்பிய கடிதத்துக்கு நகல் யார் வைத்துக்கொள்வார்கள்? ஐயர் வைத்திருந்ததால்தான் நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய அந்தப் பேச்சு இன்றைக்கு நம் காதில் விழுகிறது.

பாரதி பாட்டுக்குப் பூட்டு

காப்பாற்றுபவர் நல்லவராக இருந்தால் சரி. உரிமை ஒரே கையில் போய்ச் சேர்ந்து அந்தக் கை மூடிக்கொண்டால்? அதற்கும் தமிழ்நாட்டில் கதை உண்டு. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பாரதியார் 1921-ல் மறைந்தார். சொத்தென்று விட்டுப் போனது எழுத்து ஒன்றைத்தான். மனைவி செல்லம்மா சொந்தமாகப் பதிப்பித்துப் பார்த்தார். பிறகு உரிமை பாரதியின் தம்பி விசுவநாதனிடம் போனது. இசைத்தட்டிலும் வானொலியிலும் பாடும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து, ஜெஷிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் சில நூறு ரூபாய்க்குப் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்ததை யார் மறப்பார்கள்?

டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது என்று மெய்யப்பச் செட்டியார் தரப்பிலிருந்து வழக்கு வந்தது. நாடு விடுதலையான ஒரு வருஷத்துக்குள், விடுதலையைப் பாடியவனின் பாட்டைப் பாட அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்தார்கள். செட்டியார் தன் வசம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார்; அதையும் சொல்ல வேண்டும். 1955-ல் அரசாங்கம் அதை யாரும் அச்சிடலாம், பாடலாம் என்று பொதுமக்களுக்கே விட்டது.

நாட்டுடைமை என்று நாம் இப்போது சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் ஆரம்பம் இதுதான். பிறகு கல்கி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் எழுத்துகளை, வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து அரசு நாட்டுடைமை ஆக்கியது.

இதில் என் கண்ணில் பட்ட விஷயம் ஒன்று. உரிமை அரசிடம் வந்தது என்பதால் மட்டும் பாரதி முழுசாகக் கிடைத்துவிடவில்லை. அவர் பத்திரிகைகளில் எழுதியவை பல காலம் சிதறிக் கிடந்தன. ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் ஆயுளையே செலவழித்துத் தேடினார்கள். பழைய இதழை யாரோ எங்கோ எடைக்குப் போடாமல் வைத்திருந்தால்தான் ஒரு கட்டுரை கிடைக்கும். உரிமை கோர்ட்டில் தீர்ந்துவிடுகிறது. பிரதி இருக்கிறதா என்பதை எந்தக் கோர்ட்டாலும் தீர்க்க முடியாது.

மடற்குழுக்கள் வந்தன

1995 ஆகஸ்ட் 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. டெலிபோன் வயரைச் சொருகினால் கிர் கிர் என்று சத்தம் போட்டு, பாதியில் அறுந்து போகும். சில வருஷத்தில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. வெளிநாடு போன பிள்ளைகளுக்கு மெயில் அனுப்ப நம்மில் எத்தனை பேர் அங்கே மணிக்கணக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்போம்!

அந்தக் காலத்தில் உலகமெங்கும் யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்கள் இருந்தன. தமிழருக்கும் அதில் ஒரு குழு இருந்தது. எழுதுபவர்கள், டீக்கடைப் பேச்சு மாதிரி நாலு நாளில் காற்றோடு போய்விடும் என்று நினைத்து எழுதினார்கள். 1995-ல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் அத்தனையையும் சேமித்து, யார் பேரைத் தட்டினாலும் அவர் எழுதியது முழுக்க வரும்படி செய்தது. பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'என் மடலைச் சேமிக்காதே' என்று மடலின் தலைப்பிலேயே குறிப்பு வைக்கும் வழக்கம் அப்போது வந்தது. 2001-ல் கூகுள் அந்தச் சேமிப்பை வாங்கி, பழையதையும் தேடிச் சேர்த்து இருபது வருஷத்து மடல்களை, சுமார் 70 கோடி என்று சொன்னார்கள், எல்லோரும் பார்க்க வைத்தது. எழுதியவர்கள் யாரும் விற்கவில்லை. ஆனால் சேமிப்பு கை மாறியது. தாள்தான் விலை போனது, காந்தி கடிதம் மாதிரி.

தமிழில் எழுதிப் பேச வழி செய்தவை மடற்குழுக்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் அதில் முன்னோடி. ஒருவர் மெயில் போட்டால் எல்லோருக்கும் போகும். எழுத்துருச் சண்டை ஓயாது. ஒருவர் எழுதியது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தலைமையில், உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் பழைய நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவர்கள் உரிமை விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். உரிமை முடிந்தது, நாட்டுடைமை ஆனது, அல்லது ஆசிரியர் அனுமதி கொடுத்தது, இவை மட்டும்தான். முன்பக்கக் குறிப்பை எடுக்காமல் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதி வைத்தார்கள்.

பிறகு யாஹூ குழுக்கள் காலம். அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப், பொன்னியின் செல்வன் என்று எத்தனை பேர்கள்! கல்கியின் நாவலைப் படித்தவர்கள் கூடி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று மாதக்கணக்கில் வாதாடுவார்கள். கல்வெட்டு பார்க்கக் கிளம்புவார்கள். வீராணம் ஏரிக்கரை வரை போய் வந்து எழுதுவார்கள்.

அப்போதே உரிமைச் சண்டை ஒன்று வந்தது. ஜியோசிட்டீஸ் என்று இலவசமாக வீட்டுப் பக்கம் போட்டுக்கொள்ள இடம் கொடுத்த நிறுவனத்தை 1999-ல் யாஹூ வாங்கியது. புது நிபந்தனையில், இங்கே நீங்கள் வைப்பதையெல்லாம் நாங்கள் எப்படியும் பயன்படுத்தலாம் என்பது போல ஒரு வாசகம் இருந்தது. எழுதியவர்கள் எதிர்த்தார்கள், தங்கள் பக்கங்களைக் காலி செய்து போராடினார்கள். சில நாளில் யாஹூ இறங்கி வந்து, உங்கள் எழுத்து உங்களுடையதே என்று மாற்றி எழுதியது. ஜெயித்தாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2009-ல் ஜியோசிட்டீஸையே மூடினார்கள். 2019 அக்டோபரில், யாஹூ குழுக்களில் உள்ள பழைய மடல்களையெல்லாம் அழிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 14 கெடு. வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ள இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. பிறகு கொஞ்சம் நாள் நீட்டித்தார்கள். 2020 டிசம்பரில் மொத்தமாக மூடிவிட்டார்கள். யாராவது அக்கறையாக இறக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

யோசித்துப் பாருங்கள். கல்கி எழுதியது நாட்டுடைமை ஆனதால் எங்கும் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் பேசிய பேச்சு, அவரவர் சொந்தப் பதிப்புரிமையோடு பத்திரமாக அழிந்து போனது.

நானும் ஒரு சின்ன மடற்குழுவில், வேறு ஒரு இடத்தில், ஏழெட்டு வருஷம் எழுதினேன். அங்கேயும் மூடினார்கள். அறிவிப்பு நான் திறந்து பார்ப்பதை விட்டுவிட்ட பழைய மெயில் முகவரிக்கு வந்திருந்தது. என் அம்மாவைப் பற்றி அவர் இறந்த வாரத்தில் எழுதிய ஒன்று அதில் இருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை. சோம்பல் என்னுடையது, யாரைக் குறை சொல்ல?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை. தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றப்பட்டு அடுத்த வருஷம் ஜனவரியில் அமலுக்கு வந்தது. எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எழுதியவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருஷம். முன்பு 50-ஆக இருந்தது. தாகூர் 1941-ல் காலமானவர். அவர் எழுத்தின் உரிமை 1991 முடிவில் தீர வேண்டிய நேரத்தில்தான் பத்து வருஷம் கூட்டினார்கள். ஆகவே நண்பர் குரூப்பில் போட்ட பதிவுகளின் உரிமை இன்று அவர் வாரிசுகளுடையது. மகள் கேட்டது நியாயமே.

அட்மினுக்கு எந்தச் சொத்துரிமையும் இல்லை. ஒருவர் உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். குரூப்பில் சேர்ந்ததாலேயே எழுத்தைத் தாரை வார்த்ததாக ஆகாது.

எல்லாச் செய்திக்கும் உரிமை உண்டா? 'காலை வணக்கம்' என்று பூப்படத்தோடு போடுவதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கொஞ்சமாவது சொந்த அறிவும் உழைப்பும் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2007-ல் சட்டப் பதிப்பாளர் வழக்கு ஒன்றில் சொன்னது. தகவலுக்கும் உரிமை கிடையாது. 1978-ல் ஒரு சினிமா வழக்கில் அதே நீதிமன்றம், கருத்துக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்று தெளிவாக்கியது. தாம்பரத்துக்கு ரயில் எந்த வருஷம் வந்தது என்பதை யாரும் எழுதலாம். அதை நண்பர் சொன்ன விதம் மட்டும் அவருடையது.

பேரும் எழுதியவருடையது. உரிமையை விற்றுவிட்டாலும்கூட, 'இது நான் எழுதியது' என்று சொல்லவும், பேர் கெடும்படி திரிப்பதை எதிர்க்கவும் எழுதியவருக்குத் தனி உரிமை சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பதிவு பேர் வெட்டப்பட்டு, 'படித்ததில் பிடித்தது' என்று உங்களுக்கே திரும்பி வந்திருக்கிறதா? எனக்கு வந்திருக்கிறது.

அட்மினுக்குப் பொறுப்பு உண்டா என்று பலர் பயப்படுகிறார்கள். கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றில் யாரோ போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்கு வந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெறும் அட்மினாக மட்டும் இருந்தார் என்றால் அவர் பேரை நீக்க வேண்டும் என்றது. மறு வருஷம் கேரள உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொன்னது. சொல் எழுதியவருடையது என்றால் அதன் பழியும் எழுதியவருடையதுதானே.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. எழுதியவருக்குத் தெரியாமல் அச்சடித்தால் தடுக்கலாம். அழிந்து போவதைத் தடுக்க வழியில்லை. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு போனில்தான் பிரதி. நகல் எடுத்து வைக்காமல் போன் உடைந்தால் போச்சு. குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையது தானாகத் தெரியாது. 2022-லிருந்து மற்றவர் போட்டதையும் அட்மின் எல்லோருக்குமாக நீக்கிவிடலாம்.

புத்தகம் என்ன ஆயிற்று?

மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உரிமை உன்னுடையதும்மா. உன் அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது. அப்பா போனில் எல்லாம் இருக்குமே, படித்துப் பார்த்துச் சொல்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகுதான் சொன்னாள். அப்பா போனைப் பேரப்பிள்ளை விளையாடக் கொடுத்து, யாரோ எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார்களாம். அவள் எங்கள் குரூப்பில் இருந்ததில்லை. அப்பா எழுதியதில் ஒரு வரிகூட அவள் படித்ததில்லை.

உரிமை முழுக்க அவளிடம். பிரதி ஒன்றுகூட இல்லை. பிரதி முழுக்க எங்களிடம். உரிமை துளிகூட இல்லை. லண்டனில் தாளையும் சொல்லையும் பிரித்தாரே ஹார்ட்விக் பிரபு, அது மேற்குத் தாம்பரத்தில் வந்து நின்றது.

அன்றிரவே செயலாளர் தன் போனிலிருந்து நண்பரின் பதிவுகளைத் தேதிவாரியாக எடுத்து அவளுக்கு அனுப்பினார். மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நாலாம் நாள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "அப்பா இவ்வளவு பேசுவாரா அங்கிள்? வீட்டில பேசவே மாட்டாரே" என்றாள்.

அனுமதி கொடுத்தாள். இரண்டு நிபந்தனை. பக்கத்து வீட்டு மனைத் தகராறு பற்றி அப்பா எழுதிய ஒரு பதிவு வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 2015 வெள்ளத்தில் பகிர்ந்த வீட்டு முகவரி, போன் நம்பர்களை எடுத்துவிட வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நலச்சங்கத்தின் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறது.

அப்புறம் எங்கள் பதில்கள். போப் வழக்கை மறக்கவில்லையே? நண்பரின் பதிவுக்கு மகள் அனுமதி கொடுத்தால் போதும். டீக்கடைக்காரரைப் பற்றி நான் எழுதிய பதிலுக்கு நான்தான் கொடுக்க வேண்டும். பதில் எழுதிய ஒவ்வொருவரையும் கேட்டோம். அநேகமாக எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் காரணமும் சொன்னார்: "அது உங்க கூடப் பேசினது சார். ஊருக்குப் பேசினது இல்லை." அவர் எழுதியதுதான் எல்லாவற்றிலும் சுவையானது. எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் பேச்சு கொஞ்சம் தொடர்பில்லாமல் தாவுகிறது. தாவட்டும் என்று விட்டுவிட்டோம்.

சிறிய புத்தகம்தான். நூறு பிரதி அச்சடித்து வீட்டுக்கொன்று கொடுத்தோம். பத்துப் பிரதி மகளுக்குக் கூரியரில் போயிற்று.

இதைப் படிக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. குரூப்பில் நீங்கள் மனசாரத் தட்டி எழுதிய நாலு பதிவாவது இருக்கும். இன்றைக்கே அவற்றை எடுத்து உங்கள் மெயிலுக்கோ பிள்ளைகளுக்கோ அனுப்பிவிடுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் கையாலும் எழுதி வையுங்கள். இதை யார் என்ன செய்யலாம் என்று கடைசியில் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர் எழுதியது பிடித்திருந்தால், அவர் பேரோடு அனுப்புங்கள். அச்சில் போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அம்மாவைப் பற்றி நான் எழுதி அழிந்துபோன அந்தப் பதிவை இப்போது நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய மாதிரி வரவில்லை. பாதிக்கு மேல் வந்ததும் இங்கே போடுகிறேன்.